சுண்ணாம்பு தின்ற கேபிள்

திங்கட்கிழமை காலை என் மின்சாமான் கடைக் கதவை மேலே தள்ளிவிட்டு விளக்குமாற்றை எடுத்தபோது, நஸீஹா வாசலில் நின்றிருந்தாள். தோளில் வெள்ளையாக ஒரு சுருள் தொங்கியது. படகுக் கயிறு என்றுதான் முதலில் நினைத்தேன். மெல்லிதாவிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்திருந்தால்தான் அவள் இந்நேரம் எங்கள் தீவின் பெரிய ஊரான ஹூம்த் சூக்கில் இருக்க முடியும். எங்கள் கடைவீதியில் மீன் ஏலக்காரர்கூட இன்னும் தன் உயரமான நாற்காலியில் ஏறியிருக்கவில்லை.

சுருளை மேசைமேல் வைத்தபோதுதான் இணையக் கேபிள் என்று தெரிந்தது. வைத்த இடமெல்லாம் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்தது.

“அண்ணே, இது உயிரோட இருக்கா, செத்துடுச்சான்னு பாத்துச் சொல்லுங்க. செத்திருந்தா புதுசு குடுங்க. வியாழக்கிழமை பத்து மணிக்கு எனக்கு லைன் நிக்கணும்.”

நஸீஹா என் நண்பன் ஷாத்லியின் மனைவி. ஷாத்லி அஜீம் துறையில், அக்கரைக்குப் போகும் படகில் ஏறும் வண்டிகளுக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தவன். போன வருடம் ஒரு காலையில் சீட்டுக் கட்டைக் கையில் பிடித்தபடியே சாய்ந்துவிட்டான். உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் பேச்சும் போயின. வலது பக்கம் யார் வந்து நின்றாலும் அவனுக்குத் தெரிவதில்லை. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும். அந்தக் கையின் வெள்ளி மோதிரத்தால் கட்டில் இரும்பைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நன்றி. வீட்டில் இருவருக்கும் இடையே நடந்த பேச்சு அவ்வளவுதான். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

கடற்கரை ஓட்டல் ஒன்றின் வரவேற்பில் பிரெஞ்சு பேசி வேலை பார்த்தவள் அவள். அதை விட்டுவிட்டு ஒரு வருடமாக அவனோடு இருந்தாள். இப்போது தலைநகரில் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே பிரான்ஸ் நாட்டு வாடிக்கையாளர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை. இணைப்பு வைஃபையில் வரக்கூடாது, கேபிளில்தான் வரவேண்டும். ஒரு மணி நேரம் அவர்கள் அங்கிருந்து சோதிப்பார்கள், அதில் ஒரு தடவைகூட அறுபடக் கூடாது. போன வாரம் நடந்த முதல் சோதனையில் ஒன்பது தடவை அறுந்துவிட்டது. இரண்டாவதும் கடைசியுமான சோதனை வியாழக்கிழமை.

மோடம் வீட்டு முன்நடையில் இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்தால் என்ன என்று கேட்டேன். அதையும் பார்த்துவிட்டாள். முன்நடையில் மேசை போட்டு, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஒரு நாள் பழகிப் பார்த்திருக்கிறாள். முற்றத்துக்கு அப்பால் பின்னறையில் ஷாத்லி தட்டியது அவளுக்குக் கேட்கவில்லை. அவளைக் காணவில்லை என்று அவன் தானே எழுந்திருக்கப் பார்த்துக் கீழே விழுந்து, முழங்கையில் நான்கு தையல். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். வைஃபை பின்னறை வரை போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

“அவர் கண்ணு முன்னால உக்காந்து வேல பாக்கணும், அண்ணே. அது முடியலைன்னா நான் மறுபடி ஓட்டலுக்குத்தான் போகணும். அப்ப அவர கடல் தாண்டி ஸ்ஃபாக்ஸ்ல அவரோட தம்பி வீட்டுல விடணும். தம்பி நல்லவர்தான். ஆனா இவரு தட்டுறத அந்த வீட்டுல யாரு கேப்பா?”

அவள் அழவில்லை. சுருளின் ஒரு முனையை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

கேபிளை விரலால் வளைத்தேன். வெளியுறை காய்ந்த ரொட்டி போல வெடித்தது. வெடிப்பு இருந்த இடத்தில் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். எட்டுக் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தன. மற்ற மூன்றும் இருந்த இடத்தில் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி மேசையில் கொட்டியது. மிச்சமிருந்த ஒன்றைச் சுரண்டினேன். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்தின்மேல் செம்பு பூசியிருந்தார்கள்.

உறையில் அச்சடித்திருந்த பெயரைத் துடைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அது என் கடைச் சரக்கு.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பின்னறைத் தொலைக்காட்சியில் கால்பந்து பார்க்க வேண்டும் என்று ஷாத்லி வந்தது நினைவுக்கு வந்தது. கேபிள் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: “டேய், இது செம்புதானா? தூக்குனா பஞ்சு மாதிரி இருக்கே.”

“பெட்டியில எழுதியிருக்கு பாரு. செம்புதான்,” என்று நான் சொன்னேன். மொத்த வியாபாரி சொன்னதை நான் சொன்னேன். மேசையில் கத்தி இருந்தது. ஒரு முனையைச் சுரண்ட எத்தனை நேரம் ஆகியிருக்கும்? மற்ற பெட்டியைவிட அது விலை குறைவாக இருப்பது ஏன் என்று நான் யோசித்ததும் உண்டு. யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். அவன் “நீ சொன்னாச் சரி” என்று தூக்கிக்கொண்டு போனான்.

“என்ன ஆச்சு இதுக்கு?” என்றாள் நஸீஹா.

“வெயில்ல உறை வெடிச்சிருக்கு. சுண்ணாம்புத் தண்ணி உள்ள எறங்கி கம்பியத் தின்னுடுச்சு.”

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் என் தொந்தரவு.

அவள் முகம் மாறியது. “மன்னூபியா அக்கா,” என்றாள் மெதுவாக.

மன்னூபியா அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரி, கணவனை இழந்தவள். எங்கள் தீவில் நோன்பு மாதத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் என்றால், முதலில் சுண்ணாம்பு மட்டையைக் கையில் எடுத்தவர் மறுபக்கத்திலும் கை எட்டும் வரை அடித்துவிடுவார். ஷாத்லி விழுந்ததிலிருந்து மன்னூபியா கை எட்டும் வரை என்பதோடு நிற்கவில்லை. நஸீஹாவின் முற்றம், மாடிச் சுவர், படி எல்லாவற்றையும் தானே அடித்தாள். முன்நடையிலிருந்து மாடி வழியாகப் பின்னறைக்கு, வெள்ளைச் சுவரில் சாம்பல் நிறமாக ஓடிய கேபிள் அவள் கண்ணை உறுத்தியிருக்கிறது. நோயாளி பார்த்தால் சுவர் விரிசல் விட்டிருப்பதாக நினைத்து மனம் கலங்குவானே என்று, அதற்கும் மூன்று பூச்சு கொடுத்திருக்கிறாள்.

“அவங்களுக்குத் தெரிய வேண்டாம், அண்ணே. தெரிஞ்சா ஒரு வாரம் சோறு எறங்காது அவங்களுக்கு. வெயில்னு மட்டும் சொல்லிடுவோம்.”

சரி என்றேன். அவள் அக்காவைக் காப்பாற்றுவதற்காகக் கேட்டாள். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சம்மதித்தேன். அவள் மனதில் சுண்ணாம்பின் தலையில் பழி விழுந்தால் கேபிளின் பேச்சு எழாது அல்லவா?

பிறகு புதுக் கேபிள் பேச்சுக்கு வந்தோம். ஸ்ஃபாக்ஸ் தம்பி தொலைபேசியில், இருப்பதிலேயே உயர்ந்தது கேட்-8, அதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். அவள் அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தாள்.

நான் அவளுக்கு விளக்கினேன். கேட்-8 என்பது பெரிய கணினிக் கூடங்களுக்குள் இரண்டு பெட்டிகளைப் பக்கம் பக்கமாக இணைப்பதற்கு. விறைப்பானது, மூலையில் வளையாது. உள்ளே உலோகக் கவசம் வேறு, அதற்கு நிலத்தொடர்பு சரியாகக் கொடுக்கத் தெரிய வேண்டும். வீட்டுக்குள் நாற்பது மீட்டருக்குக் கேட்-5இ போதும், கேட்-6 தாராளம். கேட் எண்ணைவிட முக்கியமானவை வேறு. உள்ளே கம்பி முழுக்கச் செம்பாக இருக்க வேண்டும். வெயிலில் ஓடுவதால் வெளிப்புறத்துக்கென்று செய்த கறுப்பு உறை வேண்டும். சுவரோடு நிலையாகக் கிடக்கப்போவதால் ஒவ்வொரு கம்பியும் ஒற்றை இழையாக இருப்பது நல்லது. மின்சாரக் கம்பியோடு சேர்த்துக் கட்டக் கூடாது. நடுவில் ஒட்டுப் போடக் கூடாது.

“தம்பி ரொம்பச் செலவு வைக்கப் பாத்தாரு,” என்றாள். அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

சுவரோரம் இருந்த கறுப்புக் கேபிள் உருளையைக் காட்டினேன். அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘தூய செம்பு’ என்று இருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேறு யார் கேட்டிருந்தாலும் எனக்கு வலித்திருக்காத கேள்வியைக் கேட்டாள்.

“இது செம்புதானே, அண்ணே?”

இந்தத் தடவை கத்தியை எடுத்தேன். முனையை உரித்துச் சுரண்டினேன். வெள்ளி நிறம். அடுத்த உருளை. அதுவும். மூன்றாவதும் அப்படியே. மூன்று முனைகளும் மேசைமேல் என்னைப் பார்த்துப் பல்லிளித்தன.

“இங்க இல்ல,” என்றேன். “நான் வேற எடத்துல தேடிக் கொண்டுவரேன். புதன்கிழமை சாயங்காலம் அஸர் தொழுதுட்டு உன் வீட்டுக்கு வரேன்.”

கையில் இருக்கிற சரக்கைத் தள்ளிவிடாமல் இல்லை என்று சொன்னதற்காக அவள் எனக்குத் துஆ செய்தாள். என் தராசை அல்லாஹ் நேராக வைக்க வேண்டும் என்றாள். அவள் போன பிறகு ஒரு கரித்துண்டை எடுத்து மூன்று உருளைகளிலும் ‘தூய செம்பு’ என்பதை அடித்து ‘அலுமினியம்’ என்று எழுதினேன். அதற்குப் பிறகும் மனப்பாரம் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு தீவின் மறுபக்கம் மிதூனுக்குப் போனேன். அங்கே ஹமூதா ஓட்டல்களுக்குக் கேபிள் போடும் ஒப்பந்தக்காரன். அவன் கிடங்கின் மூலையில், ஒரு பெரிய வேலையில் மிச்சமான கேட்-6 கறுப்புச் சுருள் கிடந்தது. தூக்கினேன், கை இறங்கியது. சுரண்டினேன், சிவப்பு. இன்னும் ஆழமாகச் சுரண்டினேன், அங்கேயும் சிவப்பு.

ஹமூதா தேநீரை உறிஞ்சிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். “இருபது வருஷமா கட வச்சிருக்க. கத்தியை இப்பத்தான் கண்டுபிடிச்சியா?”

கத்தியை மடக்கிப் பையில் போட்டேன். அளந்து பார்த்தோம். முப்பத்தாறு மீட்டர். பழைய கேபிள் முப்பத்துநாலு இருந்ததால் போதும் என்று நினைத்தேன். அவன் காசு வாங்க மறுத்துவிட்டான். யாருக்கு என்று கேட்டிருந்தான், ஷாத்லிக்கு என்று சொல்லியிருந்தேன். அஜீம் துறையில் அவசரத்துக்கு வரிசையில் முன்னே விட்டவனாம் ஷாத்லி. ஹமூதாவின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த நாளில்.

புதன்கிழமை அஸர் தொழுகை முடிந்து மெல்லிதாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஷாத்லி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சலாம் சொன்னேன். இடது கையை உயர்த்தினான். மேசை எங்கே வரவேண்டும் என்று நஸீஹா காட்டியபோதுதான் கணக்குத் தவறியது புரிந்தது. பழைய கேபிள் வந்து முடிந்தது கட்டிலின் வலது பக்கத்து ஜன்னலில். ஷாத்லிக்கோ வலது பக்கம் என்று ஒன்றே கிடையாது. மேசை இடது பக்கம் வரவேண்டும். ஜன்னலிலிருந்து கதவு நிலைக்கு மேலாகச் சுற்றி அங்கே போக இன்னும் ஐந்து மீட்டர் வேண்டும். என்னிடம் இரண்டுதான் மிச்சம்.

வேறு வழி இருக்கிறதா என்று மாடியிலிருந்து பார்க்கலாம் என்றேன். எங்கள் ஊரில் மாடி பெண்களுடையது. ஆண் ஏறுவதானால் படியிலேயே நின்று குரல் கொடுக்க வேண்டும், அடுத்த மாடிகளில் இருக்கும் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொள்ளவோ இறங்கிக்கொள்ளவோ நேரம் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்க அல்லாஹ்வின் பெயர் ஒன்றைத்தான் சொல்வோம்.

“மறைப்பவனே,” என்று கூப்பிட்டேன். “மறைப்பவனே.”

மூன்றாம் தடவை அந்தப் பெயரைப் பாதியில் விட்டேன். அடியார்களின் குறைகளை மறைப்பவன் அவன். நான் என் குறையை ஒரு விதவையின் சுண்ணாம்பு வாளிக்குள் மறைத்து வைத்திருந்தேன்.

“ஏறுப்பா, ஏறு,” என்று அடுத்த மாடியிலிருந்து மன்னூபியாவின் குரல் வந்தது. “நான் போத்திக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த வயசுல என்னப் பாத்து ஓடுறது நீயாத்தான் இருப்ப.”

மாடிக்கு வந்தேன். இரண்டு மாடிகளுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். அந்தப் பக்கம் மன்னூபியா முழங்கை வரை வெள்ளையாக நின்றிருந்தாள். கையில் மட்டை, காலடியில் வாளி. நோன்புக்குப் பத்து நாள் இருந்தது.

“புதுசு போடுறியாமே,” என்றாள். “போடு. போட்டு முடிச்சதும் சொல்லு, நான் ஒரு பூச்சு அடிச்சிடுறேன். கறுப்புக் கம்பி பாம்பு மாதிரி கெடந்தா அந்த மனுசன் மெரண்டுடுவான்.” பிறகு கேட்டாள்: “ஆமா, பழசு என்னத்துக்குக் கெட்டுச்சு? ரெண்டு வருசந்தானே ஆச்சு.”

என் பின்னால் படியில் நின்ற நஸீஹா அவசரமாக, வெயில் அக்கா, இந்த வெயிலுக்கு எதுதான் தாங்கும் என்று சொன்னாள். அதோடு முடிந்திருக்கும். நான் ‘ஆமாம்’ என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் நான் முட்டாள்தனமாகப் பழைய கேபிளின் வெட்டிய துண்டொன்றைச் சட்டைப் பையில் செருகி வைத்திருந்தேன், சுவர்ப் பிடி அளவு பார்ப்பதற்காக. மன்னூபியா சுவருக்கு மேலாக எட்டி அதை உருவிவிட்டாள். உள்ளிருந்து கொட்டிய பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். நாற்பது வருடமாகச் சுண்ணாம்பு கலக்குகிற பெண்ணுக்கு அதன் காரம் தெரியாதா?

“இது என் சுண்ணாம்பு,” என்றாள்.

அவள் மட்டையை வாளியில் வைத்தாள்.

“அப்ப நான்தான் உங்க லைன அறுத்திருக்கேன். அந்த வேல போனா என்னாலதான் போகுது. நல்லது செய்றேன்னு வந்து…” என்றவள் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டாள்.

நஸீஹா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஏதாவது செய்யுங்கள் என்ற கெஞ்சல்தான் இருந்தது. சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான்.

“உங்க சுண்ணாம்பு சுவரத் தேடி வந்துச்சுக்கா,” என்றேன். “நான் வித்த பொய்தான் நடுவுல நின்னுச்சு. அது செம்பே இல்ல. செம்பான்னு ஷாத்லி கேட்டான். சுரண்டிப் பாக்காமலே ஆமான்னுட்டேன். உறையும் வீட்டுக்குள்ள போடுற உறை, வெயிலுக்கு ஆகாதது. திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல.”

மன்னூபியா நம்பவில்லை. தன் மனசு நோகக்கூடாது என்று நான் பழியைத் தாங்குவதாக நினைத்தாள். அதனால் அவள் கண்ணால் பார்க்கட்டும் என்று, பழைய கேபிளிலிருந்து ஒரு கம்பியையும் புதியதிலிருந்து ஒன்றையும் உருவி, இரண்டையும் கத்தியால் நன்றாகச் சுரண்டி, ஒரு தேநீர்க் கோப்பையில் அவள் வாளித் தண்ணீரை மொண்டு அதில் போட்டேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பழைய கம்பியின்மேல் பொடிப்பொடியாகக் குமிழ்கள் வந்து ஒட்டின. ஒவ்வொன்றாக மேலே எழுந்து வெடித்தன. புதியது அசையாமல் சிவப்பாகவே கிடந்தது.

“இது கொதிக்குதே,” என்றாள் மன்னூபியா.

“அலுமினியத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது. செம்புக்கு ஒண்ணும் செய்யாது.”

அவள் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னை அதைவிட அதிக நேரம் பார்த்தாள்.

“ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்த கடக்காரன்,” என்றாள் கடைசியில். “ஒன் வாயால சொன்னதுனால உட்டேன். வேற ஒருத்தர் சொல்லிக் கேட்டிருந்தேன்னா இந்த வாளிய ஒன் தலையில கவுத்திருப்பேன்.” நஸீஹாவின் பக்கம் திரும்பினாள். “நீயுந்தான். என்கிட்ட மறைக்கணும்னு ஒனக்கு எப்படித் தோணுச்சு? நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?”

நஸீஹா சுவரோரம் போய் அவள் சுண்ணாம்புக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் மறுபக்கம் திரும்பி, ஐந்து மீட்டரை எங்கிருந்து கொண்டுவருவது என்று சுவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் கவலையை நஸீஹா சொல்லியிருக்க வேண்டும். மன்னூபியா என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கம் கீழே காட்டினாள். தண்ணீர்த் தொட்டி இருக்கும் சின்ன முற்றம் அது. அதன் சுவரும் ஷாத்லி கட்டிலின் இடது பக்கச் சுவரும் ஒன்றே. மாடிச் சுவரிலிருந்து நேராக அவள் முற்றத்துக்குள் இறக்கி, சுவரைத் துளைத்துக்கொண்டு போனால் ஜன்னல் சுற்று முழுக்க மிச்சம். அந்தச் சுவருக்கு அன்று காலைதான் இரண்டாம் பூச்சு அடித்து முடித்திருந்தாள். இன்னும் ஈரம்கூடக் காயவில்லை.

“தொள போடு,” என்றாள். “சுவருதானே.”

என்னிடமிருந்த நீளமான துளைஊசி முழுக்க உள்ளே போயும் மறுபக்கம் வரவில்லை. அளந்து, அறைக்குள்ளிருந்து எதிரே துளைத்தேன். இரண்டு துளையும் நடுவில் சந்தித்தபோது மன்னூபியா தன் முற்றத்திலிருந்து துளையில் கண்ணை வைத்து, ஷாத்லி, நான் தெரிகிறேனா என்று கேட்டாள். கட்டில் இரும்பில் இரண்டு தட்டுக் கேட்டது. கேபிளை நுழைத்து, எட்டுக் கம்பிகளையும் வரிசையாக முனையில் பொருத்தி அழுத்தி, மின்கம்பியிலிருந்து ஒரு முழம் தள்ளியே எங்கும் பிடி அடித்து முடித்தபோது பொழுது இறங்கி மஃக்ரிப் பாங்கு ஒலித்தது. கேபிளில் முக்கால் மீட்டர் மிச்சம் இருந்தது. அதைச் சுருட்டி மேசைக்கால் ஓரம் வைத்தேன். கறுப்புக் கேபிளுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று மன்னூபியா கேட்டாள், ஆனால் முன்போல அதட்டிக் கேட்கவில்லை. அடியுங்கள் அக்கா, வெள்ளையாக இருந்தால் வெயில் குறைவாக உறைக்கும், கேபிள் இன்னும் நாள் நிற்கும் என்றேன். ஆனால் சோதனை முடியட்டும் என்றாள் அவள். முடியும்வரை அதன் பக்கம் மூச்சுகூட விடமாட்டாளாம்.

வியாழக்கிழமை என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், ஏதாவது அறுந்தால் சரிசெய்ய. ஒன்பதே முக்காலுக்கு நான் பின்னறையில் ஷாத்லியின் வலது பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். இடது பக்கம் நஸீஹா காதுக்கருவியோடு, நல்ல உடுப்பு உடுத்தியிருந்தாள். எதிர்முனையில் யாரும் அவளைப் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் உடுத்தியிருந்தாள். மன்னூபியா சுவருக்கு வெளியே தன் முற்றத்தில் காவல் நின்றாள். தன் சேவலைக் காலையிலேயே பிடித்துக் கூடைக்குள் கவிழ்த்துவிட்டாளாம்.

பத்து மணிக்குத் தலைநகரிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெண் நடுநடுவே பிரெஞ்சில் வாடிக்கையாளர் போலப் பேசிக் கேள்வி கேட்டாள். மேசை உடைந்து வந்தது, நாற்காலியின் நிறம் மாறிவிட்டது என்றெல்லாம் புகார். நஸீஹா ஓட்டல் நாள்களின் குரலில் நிதானமாகப் பதில் சொன்னாள். நான் உதட்டுக்குள் நபிமேல் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்கு அருகில்தான் ஷாத்லியின் கையைக் கவனித்தேன். எப்போதும் கட்டில் இரும்பின்மேல் கிடக்கும் இடது கை அங்கே இல்லை. போர்வைக்குள், தன் தொடைக்கு அடியில் அதைச் செருகி வைத்திருந்தான், மோதிரம் தவறிக்கூட இரும்பில் படக்கூடாது என்று. நெற்றியில் ஈ உட்கார்ந்தது. விரட்ட அவன் கையை எடுக்கவில்லை. நான்தான் எழுந்து விரட்டினேன். அவன் கண் அவளை விட்டு அகலவில்லை. அந்த ஒரு மணி நேரமும் அவன் செய்யக்கூடியது அது ஒன்றுதான், அதை முழுதாகச் செய்தான்.

பதினொன்று ஆனதும் அந்தப் பெண் என்னவோ சொன்னாள். நஸீஹா நன்றி சொன்னாள். காதுக்கருவியைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டாள்.

“ஒரு தடவகூட அறுபடல,” என்றாள் அவனிடம். “திங்கக்கிழமைலருந்து இங்கதான். ஒங்க பக்கத்துலதான்.”

ஷாத்லி கையை வெளியே எடுத்தான். அமுங்கியிருந்ததில் அது சிவந்து போயிருந்தது. இரும்பில் இரண்டு தட்டினான். பிறகு இன்னும் இரண்டு.

நான் எழுந்தேன். அவனிடமும் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. இந்தப் பக்கம் நின்றே சொல்லிவிட்டால் அவனுக்கு நான் தெரியவே மாட்டேன் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது உண்மை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய், நஸீஹா நகர்ந்துகொடுத்த இடத்தில் அவன் கண்ணுக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தேன்.

“அன்னிக்குச் செம்பான்னு கேட்டியே, ஷாத்லி. அது செம்பு இல்லடா. நான் பாக்காமச் சொன்னேன்.”

புதுக் கேபிளில் வெட்டிய ஒரு துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அதை விரலால் உருட்டினான். கனம் பார்த்தான். பிறகு அந்த ஒற்றைக் கையாலேயே, கட்டைவிரலால் மோதிரத்தை நகர்த்தி அதன் விளிம்பில் கம்பி முனையை வைத்துக் கீறினான். பார்த்தான். இன்னும் அழுத்திக் கீறினான். மறுபடி பார்த்தான். சிவப்பு.

துண்டைப் போர்வைமேல் வைத்துவிட்டு இரும்பில் ஒரு தட்டுத் தட்டினான். வா என்று அர்த்தம். நான் குனிந்தேன். இன்னும் ஒன்று தட்டினான். இன்னும் குனிந்தேன். என் நெற்றியில் மோதிரத்தால் இரண்டு தட்டினான், நன்றாக வலிக்கும்படி.

நஸீஹா சிரித்துவிட்டாள். அவன் வாயின் ஒரு பாதியும் சிரித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மன்னூபியா முடிந்துவிட்டதா என்று கேட்டாள். முடிந்தது அக்கா என்று நஸீஹா சொன்னதும் கூடையைத் தூக்கும் சத்தம், சேவல் ஒரு மணி நேரத்தை மொத்தமாகக் கூவித் தீர்க்கும் சத்தம், அதற்குப் பிறகு ஈர மட்டை கேபிளின்மேல் மேலும் கீழும் போய்வரும் சத்தம்.